சர் தியாகராயரும் நகரசபைப் பாடசாலைகளும்

ஒரு நகரத்தின் பாடசாலைகளை நடத்துவோர் யார் என்று கேட்டால், சபையில் அமர்ந்து தீர்மானம் செய்வோரே என்று சிலர் கூறுவர். பணம் வழங்கும் ஸர்க்காரே என்று வேறு சிலர் கூறுவர். உண்மையில் அவற்றை நடத்துகிறவர், காலையில் மணியடித்தவுடன் ஆஜர்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடும் உபாத்தியாயரே ஆவர். மேலிடத்தில் செய்யப்படும் தீர்மானம் எத்துணை உயர்ந்ததாயினும் ஆகுக. அது இன்னது, இன்ன காரணம் பற்றியது, இன்ன நிதியிலிருந்து நடைபெறுவது, இத்தனை காலம் நிற்பது என்னும் விவரங்கள் அந்த உபாத்தியாயருக்குத் தெரியாவிடில் அது காகிதத்திலேயே உறங்கிவிடும். இவ்வுண்மையை விளக்க அயல்நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. சென்னை நகரத்தின் சரித்திரத்திலேயே அது இருக்கிறது. சர் பிட்டி தியாகராய செட்டியாரின் வாழ்க்கையோடு அது பிணைந்திருப்பதால், அப்பெரியாரின் வரலாற்றைச் சுருக்கமாக நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

தியாகராயர் 1852ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 27ந் தேதி சென்னையின் வடபாகத்திலுள்ள கொருக்குப்பேட்டையில் பிறந்தார். தெலுங்கு பேசும் தேவாங்க வகுப்பைச் சேர்ந்தது அவரது குடும்பம். நெசவே அவ்வகுப்பாரின் குலத்தொழில். அவர் நான்கு வயதுப் பிள்ளையாயிருந்தபோது, 1856இல், இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. அவர் வளர வளர, அவ்வூர்ப்புறமும் வளர்ந்தது. துணி வெளுக்கும் துறையாகவும் தறியொலி கேட்கும் தெருக்களாகவும் இருந்த இடம், துறைமுகத்தையும் தொழிற்சாலையையும் நம்பி வாழும் ஏழை மக்களின் பெருங்குடியிருப்பாக மாறியது. கூலி கிடைத்த நாளில் அடுப்பெரிவதும், கிடைக்காத நாளில் அடுப்பு அவிந்திருப்பதும் அங்கே பல வீடுகளில் வழக்கம். இவற்றைக் கண்ணெதிரே கண்டு வளர்ந்தவர் தியாகராயர்.

அவர் இராஜதானிக் கலாசாலையில் பயின்று 1876இல் பி. ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்ற வாலிபர்கள் ஸர்க்கார் உத்தியோகத்தை நாடுவதே இயற்கையாயிருந்தது. இவரோ தம் குடும்பத்தின் தொழில்களிலேயே ஈடுபட்டார். தோல் பதனிடுதல், உப்பளம், சுண்ணாம்புக்கல், நெசவு ஆகிய பல துறைகளிலும் அவர் கை இருந்தது. சிறப்பாக, வண்ணாரப்பேட்டையில் அவர் நடத்திய நெசவுச் சாலையில், நாடா விரைந்தோடும் புதுமுறைத் தறிகளை அமைத்தார். கைத்தறி நெசவாளன் ஆலைத்துணியின் போட்டியால் நலிந்து வந்த காலம் அது. பழைய தொழிலைப் புதிய கருவியால் காக்கலாம் என்பதைப் பேச்சினால் அன்றிச் செய்கையினால் காட்டியவர் அவர்.

தொழிலில் ஈட்டிய அனுபவம் அவரைப் பொதுவாழ்விற்கும் தகுதியாக்கியது. 1882இல் அவர் சென்னை நகரசபையில் அங்கத்தினரானார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அச்சபையில் விடாது பணியாற்றினார். குழாய்த் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, வீட்டுவரி, ஆரம்பப் பாடசாலை ஆகிய சிறு சிறு காரியங்களே நகரசபையின் வேலை. பெரும்புகழை விரும்புவோர் இத்தகைய வேலையில் நெடுங்காலம் நிற்பதில்லை. ஆனால் ஒரு தீர்மானம் சபையிலிருந்து புறப்பட்டுத் தெருக்கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை கை மாறுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே உருமாறுகிறது என்பவற்றை அறிவதற்கு அதனினும் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை. தியாகராயர் அப்பள்ளிக்கூடத்தில் தேர்ச்சி பெற்றவர்.

அரசியலில் அவர் முதலில் காங்கிரஸ்காரராகவே இருந்தார். 1916ஆம் வருஷ இறுதியில் டாக்டர் டி. எம். நாயர் முதலியோருடன் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவினார். ஜஸ்டிஸ் கட்சி என்று மக்கள் வழங்கியது இச்சங்கத்தையே. தேசிய இயக்கத்தார்க்கும் அவருக்கும் அதன்பின் இருந்த மாறுபாடு யாவரும் அறிந்தது. அதனை இங்கே மீண்டும் ஆராய்வது நமது நோக்கமன்று. ஒன்று மாத்திரம் குறிப்பிடத் தக்கது. அக்கட்சியார் தம் கொள்கையை ஆங்கிலத்தில் மட்டும் சொல்லி அமையவில்லை. ஆங்கிலத்தில் ஜஸ்டிஸ், தமிழில் திராவிடன், தெலுங்கில் ஆந்திர பிரகாசிகை என்று மூன்று பத்திரிகைகள் அவர்களுக்காகப் பேசின. செய்தி என்பது எவருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர் மொழியில் போக வேண்டும் என்னும் தெளிவு அவர்களுக்கு இருந்தது. 1920ஆம் வருஷத்துத் தேர்தலில் அக்கட்சி வெற்றி பெற்றபோது, கவர்னர் முதல் மந்திரிப் பதவியை ஏற்குமாறு தியாகராயரையே அழைத்தார். அவர் மறுத்துவிட, ஸ்ரீ சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியை ஏற்றார். எதிர்க்கட்சியாரும் மெச்சத்தக்க செய்கை இது.

மந்திரிப் பதவியை வேண்டாமென்றவர் நகரசபைத் தலைமையை மட்டும் விடவில்லை. அதற்கு முன்னெல்லாம் நகரசபையின் அக்கிராசனர் ஸர்க்காரால் நியமிக்கப்படும் உத்தியோகஸ்தராகவே இருந்தார். 1919ஆம் வருஷத்துச் சட்டத்தின்பின் நிலைமை மாறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் உத்தியோகப் பற்றற்ற தலைவராகத் தியாகராயர் ரிப்பன் மாளிகையில் அமர்ந்தார். தலைவர் சபையை நடத்துபவர். தீர்மானங்களை நிறைவேற்றும் பொறுப்போ கமிஷனருடையது. ஆகவே ஒரு பாடசாலையைப் பற்றிய யோசனை சபையில் பிறந்து, கமிஷனரிடம் சென்று, கல்வி உத்தியோகஸ்தர்கள் வழியாகத் தலைமை உபாத்தியாயரை அடைய வேண்டியிருந்தது. இவ்வழி நெடியது. வழியில் செய்தி குன்றாமல் போக வேண்டுமாயின் தீர்மானமே தெளிவாயிருத்தல் வேண்டும்.

1920ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 16ந் தேதி சபை செய்த தீர்மானம் அத்தகைய தெளிவு உடையது. ஆயிரம்விளக்கிலுள்ள நகரசபைப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகள் மிகவும் ஏழைகள் என்றும், அதனால் பள்ளியில் பிள்ளைகளின் தொகை குன்றுகிறது என்றும் தலைவர் சபைக்கு எடுத்துரைத்தார். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் அப்பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிப்பதைச் சபை ஒப்புக்கொண்டது. எந்தப் பள்ளி, யாருக்கு, எவ்வளவு, எக்காரணத்தால் என்னும் நான்கு விஷயங்களும் அதில் அடங்கியுள்ளன. இதனை ஒரு தலைமை உபாத்தியாயர் கையில் கொடுத்தால் அவர் மறுநாளே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ரூபாய்க்கு 16 அணா. நூறு பிள்ளைகள் வந்தால் நூறு அணா, அதாவது 6 ரூபாய் 4 அணாவுக்கு மேல் செலவாகக்கூடாது. நாலு பேர் வராத நாளில் நாலு அணா மிச்சம். அலங்கார வார்த்தைகள் நிரம்பிய நீண்ட திட்டங்களைக் காட்டிலும் இத்தகைய சிறு தீர்மானமே உபாத்தியாயருக்கு உதவுவது.

நற்பயன் விரைவில் வெளிப்பட்டது. பின்னர் வேறு நான்கு பாடசாலைகளுக்கும் சிற்றுண்டி விரிவாக்கப்பட்டது. 1922-23ஆம் வருஷத்தில் இப்பள்ளிகளில் 811 ஆக இருந்த பிள்ளைகளின் தொகை, 1924-25இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் தொகை இரட்டிப்புக்கு மேல் உயர்ந்ததென்றால், அதற்கு முன் பிள்ளைகளைத் தடுத்தது படிப்பில் வெறுப்பன்று, பசியே என்பது விளங்கும்.

ஆயினும் 1925ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதியோடு சிற்றுண்டி நின்றது. பிள்ளைகள் வராமல் நிற்கவில்லை. உபாத்தியாயர்கள் சோர்ந்து நிற்கவில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவது செல்லாதென்று ஸர்க்கார் மறுத்தமையால் நின்றது. அந்நாளில் இம்மாகாணத்தில் கல்வி மந்திரியாயிருந்தவர் ஸ்ரீ பாத்ரோ. அவர் தியாகராயரின் கட்சியைச் சேர்ந்தவரே. தம்மவர் கையில் கல்வி இலாகா இருந்தும், தாம் தொடங்கிய தர்மம் ஒரு நிதிக் கணக்கின் விதியில் இடறி வீழ்ந்தது. அதே 1925ஆம் வருஷத்தில் தியாகராயரும் காலமானார்.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? ஒரு காரியத்தைத் தொடங்குவோரின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பது முதற்பாடம். அஃது எந்தப் பையிலிருந்து நடைபெறுகிறது, அப்பையின் வாயை மூட யாருக்கு அதிகாரம் உண்டு என்பவற்றை, தொடங்கியவரும் நடத்துகிறவரும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். இரண்டாம் பாடம் இன்னும் முக்கியமானது. சிற்றுண்டி நின்ற நாளில் தட்டை நீட்டிய பிள்ளைக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தவர் யார்? சபை அங்கத்தினரும் அல்லர், கணக்கு உத்தியோகஸ்தரும் அல்லர். வகுப்பறையில் நின்ற உபாத்தியாயரே. மேலிடத்து முடிவுகளின் கசப்பு எப்பொழுதும் முதலில் வந்து விழுவது அவர் தலைமேல். ஆதலின் அம்முடிவுகளின் காரணமும் முதலில் அவரிடம் வந்து சேருவதே நியாயம். தாயார் கேட்கும்போது, எனக்குத் தெரியாது அம்மா என்று உபாத்தியாயர் சொல்ல நேரும் பாடசாலையில், நிர்வாகம் உயிரோடிருப்பதாகச் சொல்ல முடியாது.

தியாகராயர் ஊன்றிய வித்து மடிந்து போகவில்லை. மாகாணம் முழுவதற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் திட்டத்தைக் காமராஜர் 1956இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022ஆம் வருஷம் செப்டம்பர் 15ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஒரு பாடசாலையில் ஓர் அணாக் கணக்கில் தொடங்கிய காரியம் இன்று தமிழ்நாடு எங்கும் பரவியிருக்கிறது. நகரசபையின் எல்லையும் அதனோடு வளர்ந்தது. 2011இல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. ரிப்பன் மாளிகையில் கையெழுத்தாகும் உத்தரவு இன்று எண்ணூர்க் கடற்கரைப் பாடசாலை வரை போகவேண்டியிருக்கிறது. தூரம் நீண்டதாலும், இலாகாக்கள் பெருகியதாலும், செய்தி வழியில் தேய்ந்துபோகும் அபாயமும் நீண்டும் பெருகியுமே இருக்கிறது. தந்தியினும் விரைவான கருவிகள் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் உத்தரவு விரைவாக வந்து சேருவது வேறு. அதன் காரணம் விளங்குவது வேறு. நாளொன்றுக்குப் பத்து உத்தரவு பெறும் உபாத்தியாயர், அவற்றுள் ஒன்றேனும் எதற்காக என்று அறியாராயின், அவர் ஏவலாளரே அன்றி நிர்வாகத்தின் பங்காளர் ஆகார்.

வெள்ளுடை வேந்தர் என்று மக்கள் அன்புடன் அழைத்த தியாகராயரின் பெயர் இந்நகரில் பல இடங்களில் விளங்குகிறது. தென்பாகத்தில் தியாகராய நகர் இருக்கிறது. ரிப்பன் மாளிகையின் முன்னே அவர் சிலை நிற்கிறது. அவர் வாழ்ந்து உழைத்த வடபாகத்தில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், சர் தியாகராயா கல்லூரி திகழ்கிறது. 2021இல் அவ்வழியே ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில் அக்கல்லூரியின் பெயர் தாங்கிய நிலையத்தில் நின்று செல்கிறது. இப்பெயர்களெல்லாம் அவருக்குச் செய்யப்பட்ட மரியாதையே. ஆனால் அவர் நினைவுக்கு ஏற்ற மரியாதை இன்னுமொன்று உண்டு. பாடசாலைகளை ஆளும் சபையாரும் உத்தியோகஸ்தரும், ஒவ்வொரு புதிய ஏற்பாட்டிலும் எந்தப் பள்ளி, யாருக்கு, எவ்வளவு, எக்காரணத்தால், எந்த நிதியில், எதுவரை என்னும் ஆறு கேள்விகளுக்கு நல்ல தமிழில் விடையெழுதி, அதனை முதலில் உபாத்தியாயர் கையில் கொடுக்க வேண்டும். நிறுத்தும்போதும் அவ்வாறே சொல்லி நிறுத்த வேண்டும். 1920இல் எழுதிய தீர்மானத்தில் முதல் நான்கிற்கும் விடை இருந்தது. கடைசி இரண்டிற்கும் உறுதி இல்லாமற் போனதாலேயே ஐந்து ஆண்டுகளில் அடுப்பு அவிந்தது. அக்குறையைத் தீர்த்து வைப்பதே, பசித்த பிள்ளையை நினைத்த அப்பெரியாருக்கு நாம் செய்யும் உண்மையான கைம்மாறாகும்.