சிறை நீங்கிய இளவரசர்

இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து விடுதியின் பின்சுவரில் ஏறிக் குதித்தவர்கள் நம்மில் சிலர் இருக்கலாம். அகப்பட்டால் அபராதம் ஐந்தோ பத்தோ. அதற்கே நெஞ்சு படபடக்கும். துப்பாக்கி முனையில் ஈட்டி செருகிய காவலன் பின்னால் துரத்த, பட்டப் பகலில், தலைநகரின் நடுவில், சிறைவாசலைக் கடந்து ஓடிய ஒருவரின் கதையை இங்கே சொல்லப் போகிறேன். ஓடியவர் திருடரல்லர், கொலைகாரரும் அல்லர். ருஷ்ய நாட்டின் பழம்பெரும் அரச குலம் ஒன்றில் பிறந்தவர். புவியியல் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். பீட்டர் குரோபாட்கின் என்பது அவர் பெயர்.

மாஸ்கோ நகரில் 1842ஆம் ஆண்டு பிறந்தார். தந்தைக்கு மூன்று மாகாணங்களில் நிலம்; அந்நிலங்களோடு ஆடுமாடுகளைப்போல் எண்ணப்பட்ட பண்ணையடிமைகள், ஆண்கள் மட்டும் ஏறத்தாழ ஆயிரத்திருநூறு பேர். பதினைந்து வயது நிரம்புமுன் அரண்மனைப் பணிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் உயர்ந்த பள்ளியில் சேர்ந்தார். வகுப்பில் முதல் மாணவராக வந்ததால், இரண்டாம் அலெக்சாந்தர் ஜார் மன்னருக்கே அணுக்கப் பணியாளராக நிற்கும் பேறு கிடைத்தது. அந்தப் பேறு யாருக்குக் கிடைத்தாலும் அவன் வாழ்வு மலர்ந்துவிட்டது என்பார்கள். பள்ளியை விட்டு வெளியேறும்போது எந்தப் படைப் பிரிவில் சேர வேண்டுமென்று தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவர்க்கு உண்டு. தலைநகரில் மினுமினுக்கும் பிரிவுகளை எல்லாம் விட்டுவிட்டு, சைபீரியாவின் கீழ்க்கோடியில் ஆமூர் ஆற்றங்கரையில் இருந்த கொசாக்குப் படையை 1862இல் இவர் கேட்டு வாங்கினார். உடன் படித்தவர்கள் சிரித்தார்கள்.

சைபீரியாவில் கழிந்த ஐந்தாண்டுகளே இவருடைய உண்மையான பல்கலைக்கழகம் என்று சொல்லலாம். குதிரை மேலும் படகிலும் பல்லாயிரம் கல் தொலைவு சுற்றினார். ஆசியாவின் பெரிய மலைத்தொடர்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதில் அதுவரை நிலப்படங்கள் காட்டியது தவறு என்றும், அவை பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்கின்றன என்றும் பின்னர் நிறுவினார். ஆனால் மலைகளைப் பார்த்த கண்களே மனிதர்களையும் பார்த்தன. நாடு கடத்தப்பட்டவர்களையும், சுரங்கங்களில் விலங்கோடு உழைத்தவர்களையும் கண்டார். படைவேலையை விட்டுத் தலைநகர் திரும்பி அறிவியல் படித்தார். 1871இல் பின்லாந்தில் பனிக்கட்டிக் காலத்தின் சுவடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ருஷ்யப் புவியியல் கழகத்தின் செயலாளர் பதவி இவரைத் தேடி வந்தது. இவர் நெடுநாள் ஆசைப்பட்டிருந்த பதவி அது. வேண்டாமென்று தந்தி அடித்துவிட்டார். சுற்றிலும் மக்கள் ஒரு துண்டு ரொட்டிக்குப் போராடும்போது, ஆராய்ச்சி தரும் உயர்ந்த இன்பத்தைத் தான்மட்டும் நுகர என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. முனைவர்ப் பட்டத்திற்கு முயலும் நம் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு ஆய்வை நிறுத்திவிட வேண்டியதில்லை. குரோபாட்கினும் ஆராய்ச்சியைக் கடைசிவரை விட்டவரல்லர்.

அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்து சென்று, ஜூரா மலைப்பகுதியில் கடிகாரம் செய்யும் தொழிலாளரோடு பழகினார். ஆட்சி என்பதே இல்லாமல், மக்கள் ஒருவருக்கொருவர் உதவி வாழும் சமுதாயம் இயலும் என்ற கொள்கையோடு திரும்பினார். பிறகு இவருக்கு இரண்டு வாழ்க்கை. அரண்மனை வட்டாரங்களில் விருந்துண்டு, உடையை மாற்றிக்கொண்டு, உழவர் போட்டுக்கொள்ளும் ஆட்டுத்தோல் மேலங்கியும் முரட்டுக் காலணியுமாகத் தொழிலாளர் குடியிருப்புக்குச் செல்வார். அங்கே அவர் பெயர் போரோதின். கூடங்களில் அமர்ந்து, மேனாட்டுத் தொழிலாளர் இயக்கங்களைப் பற்றிப் பேசுவார்.

1874ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தோழர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். இவர் அப்போதே ஊரைவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பனிக்கட்டிக் காலத்தைப் பற்றிப் புவியியல் கழகத்தில் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பேசாமல் போக மனம் வரவில்லை. பேச்சு நடந்தது, அறிஞர்கள் பாராட்டினார்கள், கழகத்தின் ஒரு பிரிவுக்கு இவரைத் தலைவராக்கவும் முன்மொழிந்தார்கள். மறுநாள் மாலை வாடகை வண்டியில் போகும்போது பின்னால் மற்றொரு வண்டி வந்தது. அதில் முன்பு பிடிபட்ட நெசவாளர் ஒருவர் உட்கார்ந்து கையசைத்தார். விடுதலையாகி வந்துவிட்டார் போலும் என்று எண்ணி இவர் வண்டியை நிறுத்தினார். நெசவாளர் பக்கத்தில் இருந்த துப்பறிவாளன் தாவி ஏறிப் பிடித்துக்கொண்டான். பின்னாளில் காவலர்களை ஏய்த்தவர் அன்று ஏமாந்த வகை இது.

பீட்டர்-பால் கோட்டையில், பீரங்கி வைப்பதற்கென்று கட்டிய அறையொன்றில் அடைத்தார்கள். சுவரின் கனம் ஐந்தடி. ஒலி என்பதே இல்லை. காவலரோடு பேச முடியாது. பேசினாலும் பதில் வராது. இங்கே முதலில் கெடுவது உடம்பு, அதன்பின் அறிவு என்பதை அவர் உணர்ந்தார். அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பத்து அடி வைக்கலாம்; நூற்றைம்பது முறை நடந்தால் ருஷ்யக் கணக்கில் ஒரு வெர்ஸ்டு, அதாவது ஒரு கிலோமீட்டரைவிடச் சற்று மிகுதி. நாள்தோறும் ஏழு வெர்ஸ்டு நடப்பதென்று விதி வைத்துக்கொண்டார்: காலையில் இரண்டு, உணவுக்கு முன் இரண்டு, பின் இரண்டு, தூங்குமுன் ஒன்று. கனமான முக்காலியைத் தூக்கி இறக்கி உடற்பயிற்சியும் செய்தார். அறிஞர் கழகத்தாரின் வேண்டுகோளால் எழுதுகோலும் தாளும் கிடைத்தன. ஆனால் பொழுது சாயும்வரைதான். கதிரவன் மறைந்ததும் பிடுங்கிக்கொள்வார்கள். வடநாட்டு மாரிக்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே அங்கு இருட்டிவிடும். அந்தச் சிறிது வெளிச்சத்தில் பனிக்கட்டிக் காலத்தைப் பற்றிய பெருநூலை எழுதினார். அதன் முதற்பகுதி 1876இல் அச்சாயிற்று.

இரண்டாம் ஆண்டில் பக்கத்து அறைகளுக்குக் கைதிகள் வந்தார்கள். சுவரில் தட்டிப் பேசும் முறை பிறந்தது. எழுத்துக்களை வரிசை வரிசையாக அடுக்கி, முதலில் எத்தனையாவது வரிசை, பிறகு அதில் எத்தனையாவது எழுத்து என்று தட்டுவார்கள். இவ்வாறு தட்டித் தட்டியே பக்கத்து அறை இளைஞர் ஒருவருக்குப் பாரிஸ் கம்யூன் வரலாறு முழுவதையும் ஒரு வாரத்தில் சொல்லி முடித்தார்! கீழறையில் இருந்த ஓர் உழவருக்கோ அந்தத் தனிமை தாங்கவில்லை. நாளுக்கு நாள் அவர் சித்தம் கலங்குவதை, தட்டும் ஓசையிலிருந்தே மேலே இருந்தவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

மற்றொரு துன்பமும் இக்காலத்தில்தான் வந்தது. அண்ணன் அலெக்சாந்தருக்குத் தம்பிமேல் உயிர். சுவிட்சர்லாந்தில் அமைதியாக இருந்தவர் செய்தி கேட்டு ஓடி வந்தார். வந்த இடத்தில் நண்பருக்கு எழுதிய கடிதமொன்று காவல்துறையின் கையில் சிக்கவே, அவரையும் பிடித்துச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கிடந்து, 1886இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். குரோபாட்கின் தப்பிய கதையைச் சொல்கிறவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

இரண்டு ஆண்டில் உடம்பு நைந்துவிட்டது. கோட்டையிலிருந்து நகரச் சிறைக்கு மாற்றினார்கள்; அங்கு இன்னும் மோசமாயிற்று. இனிப் பிழைப்பதே அரிது என்ற நிலையில், நகரின் ஓரத்திலிருந்த படை மருத்துவமனையின் சிறைப்பகுதிக்குக் கொண்டு சென்றார்கள். நல்ல காற்றும் நல்ல உணவும் கிடைத்ததும் உடல் விரைவில் தேறியது. ஆனால் தேறியதை அவர் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை! நோயாளியாகவே நடித்தார். ஒருநாள் காவல் வீரன் ஒருவன் காதோடு ஒரு சொல் சொல்லிப் போனான்: உலாவ அனுமதி கேளும் என்று. கேட்டார், கிடைத்தது. நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு ஒரு மணி நேரம்.

முதல்நாள் முற்றத்தில் கால் வைத்ததும் அவர் கண்டது திறந்து கிடந்த வாசல்! நீளம் முந்நூறு அடி நடை இருக்கும் அந்த முற்றத்தில் விறகு வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. அவற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே தெருவில் மக்கள் நடமாடினர். பார்வையை அந்தப் பக்கமிருந்து திருப்புவதே பெரும்பாடாயிற்றாம். அன்றே நண்பர்களுக்கு மறைமொழியில் கடிதம் எழுதினார்.

இடையூறு ஒன்று உண்டு. சிறையில் கொடுத்த பச்சைக் கம்பளி அங்கி தரையில் புரளும் நீளம். அதன் வாலைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க முடியும். அதைப் போட்டுக்கொண்டு ஓட இயலாது. ஆகவே, அறைக்குள் யாரும் பாராத நேரத்தில் அங்கியை இரண்டே அசைவில் கழற்றி எறியப் படைவீரர் துப்பாக்கிப் பயிற்சி செய்வதுபோல் திரும்பத் திரும்பப் பழகினார். முற்றத்திலோ நத்தைபோல் ஊர்ந்தார். பாவம், காவலன் சலித்துப் போனான்.

நாள் குறித்தாயிற்று. இவர் தொப்பியைக் கழற்றினால் ஆயத்தம் என்று பொருள். வெளியே வழி தெளிவாக இருந்தால், சுவருக்கு மேலே ஒரு சிவப்புப் பலூன் பறக்க வேண்டும். தொப்பியைக் கழற்றினார். வானத்தைப் பார்த்தார். ஒன்றும் பறக்கவில்லை. ஒரு மணி நேரமும் கழிந்தது. உள்ளே போனார்.

வெளியே நடந்தது இது: எந்நாளும் கடைத்தெருவில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் சிவப்புப் பலூன் அன்று பார்த்து ஒன்றுகூட இல்லை. யாரோ ஒரு குழந்தையிடமிருந்து பழையது ஒன்றை வாங்கினார்கள், அது எழும்பவில்லை. கடைக்கு ஓடிக் கருவி வாங்கி நீரகவாயு நிரப்பினார்கள். வாயுவில் ஈரம் இருந்தபடியால் அப்போதும் எழும்பவில்லை! (வேதியியல் மாணவர்கள் கவனிக்க.) கடைசியில் ஓர் அம்மையார் பலூனைக் குடை நுனியில் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தார். சுவர் உயரம், அம்மையார் குள்ளம். உள்ளிருப்பவர் கண்ணில் படவில்லை. ஆனால் அந்தத் தோல்வியே நன்மையாயிற்று. அதே நேரத்தில் வண்டி போக வேண்டிய குறுகிய தெருவை விறகு வண்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. பலூன் பறந்திருந்தால் கட்டாயம் அகப்பட்டிருப்பார்.

இப்போது தெரு நெடுகிலும் ஆள் நிறுத்தினார்கள். ஒருவர் கைக்குட்டையோடு உலாவுவார். மற்றொருவர் கல்லின்மேல் அமர்ந்து செர்ரிப் பழம் தின்பார். வண்டி வந்தால் தின்பது நிற்கும். இப்படிக் கைமாறி வரும் குறிப்பு, மருத்துவமனைக்கு எதிரே வாடகைக்குப் பிடித்த வீட்டை எட்டும். அங்கே திறந்த சன்னலில் ஒருவர் பிடில் வாசிப்பார். பிடில் ஒலித்தால் வழி தெளிவு, நின்றால் தடை. இந்தப் புதிய ஏற்பாட்டை உள்ளே இருப்பவருக்குச் சொல்வது எப்படி? மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு உறவினரான பெண்மணி ஒருவர் சிறை வாயிலுக்கு வந்து, இளவரசருக்கு இதைக் கொடுங்கள் என்று ஒரு பைக்கடிகாரத்தை நீட்டினார். கடிகாரத்தில் என்ன இருக்கப்போகிறது! காவலர் கைமாறிக் கைமாறி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே மடித்த சிறு தாள்.

அன்று ருஷ்ய நாட்காட்டியின்படி 1876, ஜூன் 30. நான்கு மணிக்கு முற்றத்தில் தொப்பியைக் கழற்றினார். பிடில் ஒலித்தது. இவர் வாசலுக்கு அருகிலிருக்கும் முனைக்கு வருவதற்குள் நின்றுவிட்டது. சிறிது நேரத்தில் விறகு வண்டிகள் உள்ளே வந்தன. பிடில் நின்ற காரணம் புரிந்தது. பிறகு மீண்டும் எழுந்தது இசை, இம்முறை வெறிபிடித்த விரைவான நாட்டியப் பண். முனைக்கு வந்து திரும்பினார். காவலன் சில அடி தள்ளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, அங்கி தரையில் கிடந்தது. ஓடினார்.

விறகு அடுக்கிக்கொண்டிருந்த உழவர்கள் கூவினார்கள். காவலனும், படியில் உட்கார்ந்திருந்த மூன்று வீரர்களும் துரத்தினார்கள். காவலன் துப்பாக்கியை நீட்டி ஈட்டியால் எட்டிக் குத்தப் பார்த்தான். சுட்டிருக்கலாம், கைக்கெட்டும் தொலைவில் ஓடுகிறவனைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் அவன் சுடவில்லை. அந்த நம்பிக்கைதான் இவரைக் காப்பாற்றியது.

தெருவில் நின்ற வண்டிக்கு எதிரே மருத்துவமனை வாயிற்காவலன் ஒருவன் உண்டு. அவன் முன்பு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்று அறிந்த தோழர் ஒருவர், மனித உடம்பில் வாழும் ஒரு பூச்சியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எவ்வளவு பெரிய வால் தெரிகிறது என்பதைப் பற்றி அவனோடு காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார். வால் இல்லவே இல்லை என்று அவன் சாதித்தான். அந்தச் சமயத்தில் கைதி அவன் முன்னாலேயே ஓடிப் போனார்.

வண்டியில் படைத்தொப்பி அணிந்த ஒருவர் வேறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். காட்டிக்கொடுத்துவிட்டார்களோ என்று ஒரு நொடி குரோபாட்கின் திகைத்தார். அருகில் வந்ததும் தெரிந்த முகம் என்று கண்டு கைதட்டினார். அவர் திரும்பினார். இவர் தாவி ஏறியதும், பந்தயக் குதிரை பாய்ந்தது. அந்தக் குதிரையின் பெயர் வார்வார், இதற்கென்றே வாங்கியது. வழியில் நின்ற காவலர் இருவர் படைத்தொப்பியைக் கண்டு வணக்கம் வேறு வைத்தார்கள்.

தாடியை மழித்தாயிற்று. பொழுது போகவேண்டுமே! காவலர் சல்லடை போட்டுச் சலிப்பது ஐயத்துக்குரிய வீடுகளைத்தான் என்று கணக்கிட்ட நண்பர், பெருஞ்செல்வர்கள் உண்ணும் தோனோன் உணவுவிடுதிக்கு அழைத்துச் சென்றார். தலைநகரம் முழுவதும் தேடப்பட்டவர் அங்கே தனியறையில் விருந்துண்டார். பிறகு பின்லாந்து, சுவீடன் வழியாக நார்வே சென்று கப்பலேறினார். கொடிமரத்தில் பறப்பது எந்நாட்டுக் கொடி என்று அஞ்சியபடி அண்ணாந்து பார்த்தவர், இங்கிலாந்துக் கொடியைக் கண்டபிறகுதான் மூச்சு விட்டார்.

இங்கிலாந்தில் லெவாஷோவ் என்ற பெயரில் ஓர் அறிவியல் வார இதழுக்கு எழுதிப் பிழைத்தார். ஆசிரியர் ஒருநாள் இரண்டு ருஷ்ய நூல்களைக் கொடுத்து மதிப்புரை கேட்டார். பார்த்தால் இரண்டும் இவர் எழுதியவை! ஒன்று, சிறையில் எழுதிய பனிக்கட்டிக் கால நூல். தம் நூலைத் தாமே புகழவும் முடியாது, இகழவும் முடியாது. உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டார். ஆசிரியர் சிரித்துவிட்டு, நூலில் உள்ளதை மட்டும் சுருக்கி எழுதச் சொன்னாராம்.

பின்னும் ஒருமுறை, 1883இல், பிரான்சு நாட்டில் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். அந்தச் சிறையில் உடனிருந்தவர்களுக்குக் கணிதமும் மொழிகளும் கற்பித்துக்கொண்டிருந்து, 1886இல் முறைப்படி விடுதலையானார். 1902இல் வெளிவந்த ‘பரஸ்பர உதவி’ நூலில், உயிர்கள் போட்டியால் மட்டுமன்றி ஒத்துழைப்பாலும் வாழ்கின்றன என்று சைபீரியாவில் கண்டவற்றிலிருந்து காட்டினார். நாற்பதாண்டு கழித்து, 1917 புரட்சிக்குப் பின் தாய்நாடு திரும்பினார். இடைக்கால அரசு தர முன்வந்த அமைச்சர் பதவியை ஏற்கவில்லை. அதன்பின் வந்த ஆட்சியின் கொடுமைகளையும் அவர் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

1921 பிப்ரவரி 8ஆம் நாள் திமித்ரோவ் சிற்றூரில் காலமானார். அவர் கொள்கையைப் பின்பற்றிய பலர் அப்போது மாஸ்கோச் சிறைகளில் அடைபட்டிருந்தனர். இறுதி ஊர்வலத்திற்கு அவர்களை விடவேண்டுமென்று நண்பர்கள் கேட்டார்கள். அரசு, ஒரு நாளைக்கு மட்டும் என்று ஏழு பேரை விட்டது. திரும்பி வருவோமென்று அவர்கள் கொடுத்த வாக்கைத் தவிர வேறு பிணையில்லை. பெட்டியைத் தோளில் சுமந்தார்கள், குழியருகே பேசினார்கள், பல்லாயிரவர் கூட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் மறைந்திருக்கலாம். இரவானதும் ஏழு பேரும் நடந்துபோய்ச் சிறைக்கதவைத் தட்டினார்கள்.