டைப்ரைட்டர் ஃபான்ட் மோகம்: 247 எழுத்துகளை ஒரு மெஷினில் அடக்கிய யாழ்ப்பாணத்துக்காரர்

மல்லேஸ்வரம் பக்கம் புதுசா திறக்கிற காபி கடைகளின் மெனு கார்டைப் பாருங்க. பழைய டைப்ரைட்டர் எழுத்து இருக்கும். அந்த வகையில் பிரபலமான 'கூரியர்' ஃபான்ட், 1950-களில் ஐபிஎம் டைப்ரைட்டர்களுக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்தது. ஒல்லியான 'ஐ', அகலமான 'எம்' இரண்டுக்கும் அதில் ஒரே அளவு இடம்தான். அதே கார்டில் தமிழ் வரி வந்தால் மட்டும் அந்தச் சாயல் காணாமல் போகிறது. காரணம் புரியணும்னா, தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப்படும் ராமலிங்கம் முத்தையாவிடம் போகணும்.

யார் இந்த முத்தையா?

1886-இல் யாழ்ப்பாணத்தின் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907-இல், 21 வயதில், வேலை தேடி மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். பிறகு சிங்கப்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் எழுத்தர் வேலை, 1930 வரை. இன்றைய ஐடி வேலை மாதிரிதான் அன்றைக்கு அது: சுருக்கெழுத்தும் ஆங்கிலத் தட்டச்சும் தெரிந்தால் வெளிநாட்டில் வாழ்க்கை. நாள் முழுக்க ஆங்கிலம் அடித்த அந்த மெஷினில் தமிழ் அடிக்க முடியவில்லை என்பதுதான் அவரை உறுத்தியது.

சிக்கல் என்ன?

கணக்கு எளிது. தமிழில் 247 எழுத்து. ஷிஃப்ட்டையும் சேர்த்தாலும் மெஷினில் நூறு எழுத்துக்குக்கூட இடமில்லை. கொம்பு, கால் எல்லாம் தனித்தனித் துண்டு என்பதால் 'கொ' மூன்று தட்டலில் முடிந்துவிடும். புள்ளி அப்படி இல்லை. எழுத்தின் தலைமேலேயே உட்கார வேண்டும், ஆனால் ஒவ்வொரு தட்டலுக்கும் வண்டி ஒரு அடி நகர்ந்துவிடும். இதற்கு உதவியவை நகராத விசைகள். முதலில் புள்ளி, வண்டி அசையாது. அடுத்து 'க', அதே இடத்தில் 'க்' பிறக்கும். நாம் கையால் எழுதும் வரிசைக்கு நேர் தலைகீழ்! உகரம் இன்னும் பெரிய தலைவலி. கு, சு, மு, நு ஒவ்வொன்றுக்கும் வால் வேறு, எல்லாவற்றுக்கும் விசை வைக்க இடம் ஏது?

விசைப்பலகையைத் தீர்மானித்த முத்தையா, ஜெர்மனியின் ஸைடல் அண்ட் நௌமன் நிறுவனம் மூலம் மெஷினைத் தயாரித்தார். பின்னர் 'பிஜோ' என்ற கையடக்க மாடலும் வந்தது.

மெனு கார்டுக்கு என்ன சம்பந்தம்?

அகலமான 'ண'வும் ஒல்லியான 'ர'வும் அந்த மெஷினில் ஒரே அளவு கட்டத்துக்குள் நின்றாக வேண்டும். அதனால் 'ர' பக்கத்தில் இடைவெளி விழும், 'ண' நெருக்கியடிக்கும். புள்ளி எந்த எழுத்துக்கும் ஒரே உயரத்தில்தான் விழும். தமிழ் டைப்ரைட்டர் சாயல் என்பதே இந்தக் கோணல்கள்தான். இன்று சாதாரணத் தமிழ் ஃபான்ட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதனதன் அகலம். கோட் எடிட்டரில் தமிழில் ஒரு கமென்ட் எழுதினால் வரிசை கோணுவதும் இதனால்தான். டிசைனர்கள் கூரியரின் சாயலைத் தமிழுக்கு ஒட்டவைப்பதை விட, வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய தட்டச்சுப் பத்திரம் ஒன்றை ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம்.