ஸர் வால்ட்டர் ஸ்காட்டும் நாவல் இன்பமும்

நாவல் வாசித்தல் காலத்தை வீணே கழிக்குஞ் செயலென்றும், மாணாக்கர் அதனை அறவே வெறுத்தொதுக்கல் வேண்டுமென்றுங் கூறுவார் எக்காலத்தும் உளர். அன்னார் கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. பரீக்ஷைக்கு முன்னாளிரவு பாடபுத்தகத்தினுள் கதைப்புத்தகத்தை மறைத்து வைத்து வாசித்தோர் நம்முள் இலரோ? ஆயினும், நல்ல நாவல் தரும் இன்பம் எத்தகையது, துன்பக் காலத்தில் அது எங்ஙனம் துணைநிற்கும் என்பவற்றை அறிய விரும்புவோர் ஸர் வால்ட்டர் ஸ்காட் என்பாரது ஜீவிய சரித்திரத்தை நோக்குதல் நலமாம்.

இவர் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் 1771-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ம் தேதி பிறந்தார். தந்தையார் ஒரு வக்கீல். குழந்தைக்கு ஒன்றரை வயதான காலத்தில் கடுஞ்சுரங் கண்டு, வலக்கால் முடமாயிற்று. கிராமத்துக் காற்று நலஞ் செய்யுமென்று கருதிப் பாட்டனாரது பண்ணைக்கு அனுப்பினர். அங்கே அத்தையார் ஜேனட் என்பவர் பழைய வீரப்பாடல்களை வாசித்துக் காட்டினார். எழுத்தறியுமுன்னரே சிறுவன் அவற்றுள் ஒன்றை மனப்பாடஞ் செய்து உரக்கக் கூவிக்கொண்டிருந்தமையால், அவ்வீட்டிற்கு வந்த போதகர் வாய்திறந்து பேசவும் இயலாது வருந்தினாராம்.

ஓடியாட இயலாத சிறுவனுக்கு நூல்களே விளையாட்டுக் களமாயின. கெல்ஸோ என்னும் ஊரில் ஒரு மரநிழலிலே, பிஷப் பெர்ஸி தொகுத்த பழம்பாடல் திரட்டை வாசிக்கத் தொடங்கியவர், பசிமிகும் பருவத்தினராயிருந்தும் உணவு வேளை கடந்ததை உணர்ந்திலர். பின்னர்த் தந்தையாரிடம் தொழில் பயின்றுவருங்கால், உள்ளே இரத்தக்குழாயொன்று வெடித்துப் பல வாரம் படுக்கையிற் கிடந்தார். பேசுதலுங் கூடாதென்று வைத்தியர் கட்டளையிட்டனர். சதுரங்கமும் புத்தகமுமே எஞ்சிய துணை. அப்பொழுது காதற்கதைகளையும் யுத்த சரித்திரங்களையும் வாசித்து, கிளிஞ்சல்களையும் கூழாங்கற்களையும் விதைகளையும் சேனைகளாக அணிவகுத்து, தாம் வாசித்த போர்களைப் படுக்கையிலிருந்தே நடத்தினார். விடுமுறை நாட்களில் தோழரொருவருடன் நகரையடுத்த குன்றிலேறி, வாடகைப் புத்தகசாலைக் கதைகளை ஒருங்கிருந்து வாசிப்பதுண்டு. ஸ்காட் விரைவில் முடித்துவிட்டு, தோழர் முடிக்குமளவும் பக்கத்தைப் புரட்டாது காத்திருப்பார்.

1792-ல் வக்கீலானார், 1799-ல் செல்கர்க் நாட்டு ஷெரீப் உத்தியோகம் பெற்றார். 1805-ம் ஆண்டு முதல் வெளிவந்த கதைப்பாடல்கள் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டின. அந்நாட்களில் தொடங்கி, நண்பரொருவர் மெச்சாமையால் ஒதுக்கி வைத்த உரைநடைக் கதையொன்று, பல ஆண்டு கழித்து, தூண்டிற் சாமான் தேடியபொழுது பழைய மேஜையறையொன்றில் அகப்பட்டது. அதன் பிற்பகுதியை 1814-ம் ஆண்டுக் கோடையில் மூன்றே வாரத்தில் எழுதி முடித்தார். எதிர்வீட்டில் விருந்துண்ட வாலிபரொருவர், ஜன்னல் வழியே ஒரு கை மட்டும் ஓயாது எழுதித் தாள்களைக் குவிப்பதைக் கண்டு, மனஅமைதி இழந்து, தம் ஆசனத்தை மாற்றிக்கொண்டனர் என்பர். அந்நூலே ‘வேவர்லி’. நாவல் எழுதுதல் நீதிஸ்தல உத்தியோகஸ்தருக்குத் தகாதென எண்ணப்பட்ட காலமாதலின், பெயர் வெளியிடாமலே அதனையும் பின்வந்த நாவல்களையும் பதிப்பித்தார்.

அவர் கதைகளின் சுவைக்கு ஒன்று காட்டுவாம். 1818-ல் வெளிவந்த ‘ஹார்ட் ஆப் மிட்லோதியன்’ என்பதன் தலைவி ஜீனி டீன்ஸ், பசு வளர்த்துப் பால் விற்கும் எளிய குடும்பத்துப் பெண். ஒரு பொய் சொன்னால் தங்கையைத் தூக்கிலிருந்து மீட்கலாம், அவள் சொல்லாள். ஆயினும் தங்கையைக் கைவிடவும் மாட்டாள். ராணியின் முன் மன்றாடும் பொருட்டு நெடுந்தூரங் கால்நடையாய் லண்டன் நோக்கிப் புறப்படுகிறாள். இதனை வாசிப்போர் அவளுடனே வழிநடந்து, அவள் ஐயத்தையுந் துணிவையுந் தமவாகவே உணர்வர். பிறருடைய உள்ளத்தினுட் புகுந்து வாழும் இவ்வின்பமே நாவலின் தலையாய பயனாம்.

1820-ல் பாரனெட் பட்டமும், ட்வீட் நதிக்கரையில் அபட்ஸ்போர்டு மாளிகையும் உடையராய் விளங்கியவருக்கு 1826-ம் ஆண்டு இடிபோல் வந்தது. அவர் பங்கு கொண்டிருந்த அச்சுக்கூடமும் அதனோடு தொடர்புடைய பதிப்பகமும் முறிந்து, ஏறக்குறைய 1,20,000 பவுன் கடன் அவர்மேற் சுமந்தது. நண்பர் உதவியை மறுத்து, எழுதியே தீர்ப்பதாக உறுதி பூண்டார். அவ்வாண்டு மே மாதத்தில் மனைவியாரும் இறந்தனர். இவ்வருடத்திலேதான், கடன்காரர் நெருக்கிய மார்ச் மாதத்து நாளொன்றில், ஜேன் ஆஸ்டின் என்னும் பெண்மணியார் இயற்றிய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை மூன்றாம் முறையேனும் வாசித்து மகிழ்ந்ததாகத் தம் நாட்குறிப்பில் வரைந்துள்ளார். சாதாரண மனிதர் வாழ்க்கையைச் சுவைபடக் கூறும் அத்திறம் தமக்கு வாய்க்கவில்லையென்று, பொறாமையின்றி எழுதியுள்ளார். செல்வமழிந்த காலத்தும் வாசிப்பின் இன்பம் அவரை விட்டகலவில்லை.

ஓயாவுழைப்பால் உடல் நலிந்தது. வாதநோய் கண்டபின்னும் எழுதுகோலை விட்டிலர். இத்தாலி சென்று மீண்டு, 1832-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21-ம் தேதி அபட்ஸ்போர்டில் உயிர் நீத்தார். எஞ்சிய கடன் நூலுரிமையால் வந்த பொருளைக்கொண்டு பின்னர்த் தீர்ந்தது. இறுதி நாட்களில் மருமகனார் லாக்கார்ட், அவருக்கு நெடுநாட் பழகிய கிராப் என்னுங் கவிஞரது பாடலை வாசித்துக் காட்ட, நினைவு தளர்ந்த முதியவர் அதனைப் புதுநூலென்றே எண்ணிக் குழந்தைபோல் மகிழ்ந்து கேட்டனர். அத்தையார் மடியில் தொடங்கிய இன்பம் மரணப்படுக்கையிலும் அவரை விட்டு நீங்கியதில்லை.

மாணவ நண்பர்காள்! பாடத்தை விடுத்துக் கதை வாசித்தல் தவறே. ஸ்காட் தம் கடமையை ஒருநாளும் கதைக்காகக் கைவிட்டவரல்லர். ஆயினும் நல்ல நாவலுக்கென ஓய்வுநேரத்திற் சிறிது ஒதுக்குவோமாயின், நோயிலும் வறுமையிலும் முதுமையிலும் நம்மைப் பிரியாத தோழமையொன்றை இளமையிலேயே தேடிக்கொண்டவராவோம்.