குருதியை வென்ற குஷிங்

மூளையில் கத்தி வைத்தால் மனிதன் பிழைப்பதரிது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் அஞ்சியிருந்தது. கட்டியைவிட, அதை எடுக்கையில் பெருகும் குருதியே பலரைக் கொன்றது. அக்குருதியோடு வாழ்நாளெல்லாம் போராடியவர் டாக்டர் ஹார்வி குஷிங்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், மருத்துவர் குடும்பத்தில் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அவர் பிறந்தார். ஹார்வர்டில் மாணவராயிருந்தபோது, அவர் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் உயிர்நீத்தார். படிப்பையே துறக்கலாமா என்று கலங்கினார் அவ்விளைஞர். ஆனால் துறக்கவில்லை. நண்பரொருவருடன் சேர்ந்து, மயக்கத்திலிருப்போரின் நாடியையும் மூச்சையும் இடைவிடாது குறித்துவைக்கும் முறையை வகுத்தார்.

மூளையின் உறையில் எழும் ஒருவகைக் கட்டி பெரும்பாலும் புற்றுநோயன்று. மெல்ல வளர்ந்து, தலைவலியாகவும் வலிப்பாகவும் பார்வை மங்கலாகவும் தன்னைக் காட்டும். முற்றும் அகற்றினால் நோயாளி நலம் பெறலாம். ஆயினும் இரத்தக்குழாய்கள் அதில் நெருங்கிப் பின்னிக் கிடக்கும். 1922இல் இதற்கு மெனிஞ்சியோமா எனப் பெயரிட்டவர் குஷிங்கே. ஸ்கேன் இல்லாத அக்காலத்தில், பார்வையின் பரப்பை அளந்தும், எக்ஸ்ரே படத்தில் மண்டையோட்டின் மாறுதலைக் கண்டும் கட்டி இருக்குமிடத்தைக் கணித்தார்.

குருதியை அடக்க 1911இல் சிறு வெள்ளிக் கவ்விகளைப் புகுத்தினார். இரத்தப் பெருக்கால் பாதியில் நிறுத்திய ஓர் அறுவையை, 1926 அக்டோபரில், அறிஞர் போவி அமைத்த மின்கருவியின் துணையால் நிறைவேற்றினார். முன்பு கைவிட்ட நோயாளிகளையும் மீண்டும் அழைத்தார்.

எனினும் வெற்றி முழுமையானதன்று. 1910இல் அவர் கட்டியை அகற்றி வாழவைத்த படைத்தலைவர் லியோனார்ட் வுட், கட்டி மீண்டும் வளர்ந்ததால் 1927இல் அவரிடமே வந்தார். அறுவைக்குப்பின் குருதி கசிந்து மாண்டார். 1938இல் வெளியிட்ட பெருநூலில் குஷிங் இத்தோல்வியையும் மறைக்கவில்லை.

அவரிடம் சிலகாலம் பணிபுரிந்தவர் பென்ஃபீல்டு. மான்ட்ரீலில் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை, நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இவ்வாறு அக்கல்வி நம் மண்ணிலும் வேரூன்றியது.

1939 அக்டோபர் 7ஆம் நாள் குஷிங் மறைந்தார். பின்னர் உடலைச் சோதித்தபோது அவர் மூளைக்குள்ளும் ஒரு சிறு கட்டி இருந்தது தெரிந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூளைக்கட்டிகளை அறுத்தெடுத்தவர், தம்முள் இருந்ததை அறியாமலே சென்றார். நோயின்முன் மருத்துவனும் பணிவோடு நிற்க வேண்டும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?