துணி வணிகரின் தோட்டம்

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கம்பளித் துணி விற்று வாழ்ந்த பீட்டர் காலின்சன், ஒருபோதும் அமெரிக்க மண்ணை மிதித்ததில்லை. ஆயினும், அமெரிக்கக் காடுகளின் மரம், செடிகள் பல இங்கிலாந்தின் தோட்டங்களில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1694-இல் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அப்பிரிவினருக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவுகள் அடைக்கப்பட்டிருந்த காலம் அது. எனவே, வணிகமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. அவரது துணிகள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கப்பலேறின. திரும்பும் கப்பல்களில் விதைகள் வர வேண்டும் என்று அவர் விரும்பினார். வாக்களித்தவர்கள் பலர், நிறைவேற்றியவர்கள் சிலரே.

1730-களில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் பார்ட்ரம் என்ற விவசாயியின் தொடர்பு அவருக்குக் கிட்டியது. அதன்பின் ஓர் ஏற்பாடு உருவாயிற்று. ஏறத்தாழ நூறு வகை விதைகள் கொண்ட பெட்டி ஒன்றின் விலை ஐந்து கினி. இங்கிலாந்தின் பிரபுக்களிடம் சந்தா திரட்டுவது, துறைமுகத்தில் பெட்டிகளை மீட்பது, பகிர்ந்தளிப்பது, பணத்தை பார்ட்ரமிடம் சேர்ப்பது ஆகிய அனைத்தையும் காலின்சன் தரகு பெறாமலேயே செய்தார். எலியும் உப்புநீரும் விதைகளைப் பாழாக்கின. போர்க்காலத்தில் எதிரிக் கப்பல்கள் பெட்டிகளைப் பறித்தன. எனினும், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் போக்குவரத்து நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

இதில் ஒரு நெருடலும் உண்டு. ஆபத்தான காடுகளில் அலைந்தவர் பார்ட்ரம். தம் உழைப்புக்கு உரிய ஊதியம் கிட்டவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது, அது நியாயமானதே. லண்டனில் புகழ் பெற்றவரோ காலின்சன். லின்னேயஸ் ஒரு தாவர இனத்துக்கு காலின்சோனியா என்று பெயரிட்டார். ஆனால், காலின்சன் நண்பரை மறந்துவிடவில்லை. அவரது இடைவிடாத முயற்சியால் 1765-இல் பார்ட்ரம் மன்னரின் தாவரவியலாளராக நியமிக்கப்பட்டார். ஆண்டுக்கு 50 பவுன் ஊதியமும் கிடைத்தது.

தாவரங்களோடு அவரது ஆர்வம் நின்றுவிடவில்லை. பிலடெல்பியா நூலகத்துக்குப் பல ஆண்டுகள் ஊதியமின்றிப் புத்தகங்களை வாங்கி அனுப்பினார். அவர் அனுப்பிய கண்ணாடிக் குழாய் பெஞ்சமின் பிராங்க்ளினின் மின்சார ஆய்வுகளுக்குத் துணைநின்றது. பிராங்க்ளின் அவருக்கு எழுதிய கடிதங்களே 1751-இல் லண்டனில் நூலாக வெளிவந்தன.

1768-இல் காலின்சன் மறைந்தார். மில் ஹில்லில் அவர் போற்றி வளர்த்த தோட்டம் இருந்த இடத்தில் 1807-இல் ஒரு பள்ளி எழுந்தது.

ஆய்வுக்கு நிதி ஒதுக்குவதையே அறிவு வளர்ச்சியின் அளவுகோலாகக் கருதுகிறோம். நிதி தேவைதான். ஆனால், நாணயத்தோடு கணக்கு வைத்து, இரு கரைகளையும் இணைக்கும் இடையாளர் இல்லையெனில் விதை காட்டிலேயே உதிர்ந்துவிடும். அத்தகையோரைப் போற்றும்போது, காட்டில் அலைந்தவரின் கூலியையும் மறவாதிருப்பதே முறை.