செக்குக் கணக்கு எழுதிய தணிக்கையாளர் ஜே.சி. குமரப்பா

மளிகைக் கடையில் மரச்செக்கு எண்ணெய் போத்தலைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்ததும் திரும்ப வைத்தவர்கள் நம்மில் பலர். ஆலை எண்ணெயோடு செக்கு போட்டியிட முடியுமா? சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் வறுமைக்கும் அரசின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929இல் நாடு திரும்பி காந்தியைச் சந்தித்தார். மேல்நாட்டு உடை போய் கதர் வந்தது.

1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வார்தாவின் மகன்வாடியில் எண்ணெய்ச் செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு எனப் பல தொழில்களுக்குச் சோதனை நடந்தது. பழையது என்பதற்காக எதையும் அவர் தூக்கிப் பிடிக்கவில்லை. செக்கையே திருத்தி அமைத்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீப விளக்கும் அங்கே உருவானது.

தணிக்கையாளர் கண் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. விதை ஆலைக்குப் போனால் பிண்ணாக்கும் ஊரைவிட்டுப் போய்விடும். ஊர்ச் செக்கில் ஆட்டினால் பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. இந்த வரவு ஆலையின் விலைச்சீட்டில் தெரியாது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. விளைச்சலோ ஆண்டுதோறும் திரும்பி வரும். முதல் வகையை நம்பும் தொழில் நிலைக்காது என்றும், அதற்கான போட்டி போரில் முடியும் என்றும் எச்சரித்தார். சிறையில் இருந்தபோது எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலில் இதை விரித்துச் சொன்னார். பூவில் தேன் எடுக்கும்போதே மகரந்தச் சேர்க்கைக்கும் உதவும் தேனீ அவர் காட்டிய உதாரணம்.

ஆனால் ஒரு சிக்கலை அவர் முழுதாக அவிழ்க்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. மலிவான பொருளைத் தேடும் ஏழைக் குடும்பம், மண்ணுக்கான செலவையும் சேர்த்து எப்படிக் கொடுக்கும்? வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு என்றார் அவர். சம்பள நாளுக்குக் காத்திருக்கும் வீட்டில் அது எளிதா?

சுதந்திர இந்தியா பெரிய ஆலைகளின் பக்கம் போனது. ரசாயன உரத்தையும் டிராக்டரையும் எதிர்த்த குமரப்பாவைக் காலத்துக்கு ஒவ்வாதவர் என ஒதுக்கினார்கள். கடைசி ஆண்டுகளை மதுரை அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்த அவர், 1960 ஜனவரி 30இல், காந்தியின் நினைவு நாளன்றே காலமானார்.