பென்சிலுக்குப் பிடிபட்ட குதிரைகள்

முதலாண்டு என்ஜினீயரிங் டிராயிங் ஞாபகம் இருக்கிறதா? மினி டிராஃப்டரும் கையுமாக ஓடுவோமே! அந்த ஷீட்டில் உருளையும் கூம்பும் அசையாமல் நிற்கும். அதற்கே எனக்கு ரப்பர் பாதி தேய்ந்துபோகும். ஹாஸ்டல் வாசல் நாயை வரைய உட்கார்ந்தால், காதைப் போட்டு முடிப்பதற்குள் அது எழுந்து போய்விடும். அதனாலோ என்னவோ, ரோசா பொனேர் என்ற பிரெஞ்சு ஓவியர்மேல் எனக்குத் தனி மரியாதை.

1822-ல் போர்டோ நகரில் பிறந்தவர். அப்பாவும் ஓவியர்தான், கையில் காசுதான் தங்கவில்லை. சின்ன வயதில் ரோசாவுக்குப் படிப்பு ஏறவே இல்லை. அம்மா சோஃபி ஒரு வழி கண்டுபிடித்தார். எழுத்துக்கு ஒரு மிருகம் என்று வரையச் சொன்னார். எழுத்தும் வந்தது, மிருகங்களும் கூடவே தங்கிவிட்டன. அந்த அம்மா 1833-ல் இறந்தபோது ரோசாவுக்கு 11 வயது.

வளர்ந்தபின் கசாப்புக்கூடங்களுக்கே போய் எலும்பும் தசையும் எப்படிச் சேர்கின்றன என்று பார்த்தார். மெஷினைப் பிரித்துப் பார்க்காமல் அது ஓடுவது புரியாது, இல்லையா? 1851 வாக்கில் பாரிஸ் குதிரைச் சந்தைக்கு வாரம் இரண்டு முறை, ஒன்றரை வருஷம் நடையாய் நடந்தார். முரட்டு வியாபாரிகள் நடுவே பாவாடையோடு போனால் வேலை நடக்காது. பேன்ட் போட்டுக்கொண்டு போனார். பெண் பேன்ட் போட அந்த ஊரில் போலீஸ் அனுமதி வேண்டும்! அதையும் வாங்கினார்.

குதிரை போஸ் கொடுக்காது. ஓடும் குதிரையின் கால்களை மைப்ரிட்ஜ் கேமராவில் பிடித்ததே 1878-ல்தான். அதற்கு முன்னால் கண்ணும் பென்சிலும்தான். கழுத்து வளைவு ஒரு தாளில், எம்பும் முன்னங்கால் இன்னொரு தாளில் என்று சேர்த்ததெல்லாம் 'குதிரைச் சந்தை' ஓவியமாகி 1853-ல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. சுமார் 8 அடி உயரம், 16 அடிக்கு மேல் அகலம். 1887 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. 1865-ல் அரசி யூஜினி அவர் வீட்டுக்கே வந்து 'லீஜன் ஆஃப் ஹானர்' விருதைக் கொடுத்தார். ஓவியம் வரைந்த பெண்களில் அதைப் பெற்ற முதல் ஆள் இவர்தான். 1899-ல் இறந்தார்.

இதை எழுதக் காரணம் என் மகள். யு.கே.ஜி. எழுத்து வரவில்லை என்று ஸ்கூலிலிருந்து நோட்டில் எழுதி அனுப்பினார்கள். ஒரு வாரம் அவளைத் திட்டினேன். அப்புறம்தான் சோஃபி அம்மா நினைவுக்கு வந்தார். இப்போது தினமும் ராத்திரி இரண்டு பேரும் பென்சிலோடு உட்காருகிறோம். 'அ' வந்துவிட்டது. அவள் போட்ட அணிலுக்கு ஆறு கால். ஏன் என்று கேட்டால், அது ஓடுதுப்பா என்கிறாள்.